கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு ரப்பர் வட்டு

பழைய பீட்டிலில் ஹாரன் திடீரென்று நின்றுபோனால் ஹாரனைக் கழற்ற உட்காராதீர்கள். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியின் முன்பக்கம் படுத்து, ஸ்டீயரிங் ராடு கீழே வந்து ஸ்டீயரிங் பாக்ஸோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு ரப்பர் வட்டு இருக்கும். அதுதான் கப்ளிங். இந்த அத்தியாயம் முழுவதும் அதைப் பற்றித்தான்.

இதை நான் பாடமாகப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் 1967 மாடல் பீட்டிலில் ஒரு நாள் ஹாரன் அடிக்கவில்லை. கொண்டுபோய் விட்ட பட்டறையில் ஹாரனை மாற்றினார்கள். பத்து நாளில் மறுபடி நின்றது. வயரை மாற்றினார்கள். நேராகப் போகும்போது அடிக்காத ஹாரன், வலது பக்கம் ஒடித்துத் திருப்பும்போது மட்டும் அடித்தது. அந்த நிலையிலேயே கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை குடும்பத்தோடு போய் வந்தேன். பிறகு புதுப்பேட்டையில் பழைய வெளிநாட்டு வண்டிகளையே நாற்பது வருடமாகப் பார்த்துவந்த ஒரு மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் ஹாரன் பக்கமே போகவில்லை. "தம்பி, ஹாரன் போச்சுன்னா மொதல்ல ஸ்டீயரிங்கப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு அடியில் கையை விட்டார். விரலைத் திருப்பிக் காட்டினார். அறுந்த வயரின் செம்பு முனை ஒன்று, ரப்பர் தூள் கொஞ்சம். வட்டைக் கழற்றியதும் பார்த்தேன். ஒரு போல்ட் ஓட்டையிலிருந்து பக்கத்து ஓட்டை வரை விரிசல் ஓடியிருந்தது. உள்ளே இருக்கும் துணி இழைதான் அதுவரை பிடித்துக்கொண்டிருந்தது. மாமல்லபுரம் போய் வந்ததை நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது.

அன்றிலிருந்து யார் பீட்டில் வாங்கினாலும் நான் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றி அல்ல. "கப்ளிங்கை எப்போது மாற்றினார்கள்?" என்றுதான் கேட்கிறேன். பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை.

கப்ளிங்கின் அமைப்பு எளிது. ரப்பரையும் கான்வாஸ் துணியையும் அடுக்கடுக்காக வைத்து வேகவைத்த வட்டு. லாரி டயரின் ஓரத்தை வெட்டிப் பார்த்திருந்தால் அதன் உட்புறம் எப்படி இருக்கும் என்று புரியும். அதில் நான்கு ஓட்டைகள். எதிரெதிரே உள்ள இரண்டு ஓட்டைகளில் ஸ்டீயரிங் ராடின் ஃபிளாஞ்சு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அதற்குக் குறுக்காக உள்ள மற்ற இரண்டில் பாக்ஸ் ஷாஃப்டின் ஃபிளாஞ்சு. ஆக ராடும் பாக்ஸும் ஒன்றையொன்று நேரடியாகத் தொடுவதே இல்லை. நீங்கள் வீலைத் திருப்பும் விசை முழுவதும் இந்த ரப்பரும் துணியும் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது.

இரும்பாலேயே செய்திருக்கலாமே என்று தோன்றும். செய்யாததற்குக் காரணம் உண்டு. பள்ளத்தில் சக்கரம் விழும்போது எழும் அதிர்ச்சி அப்படியே கைக்கு வராமல் ரப்பர் வாங்கிக்கொள்கிறது. பாடியில் மாட்டிய ராடும் முன் ஆக்சிலில் மாட்டிய பாக்ஸும் ஓடும்போது ஒன்றுக்கொன்று சற்று நகரும். அந்தச் சின்னக் கோணலையும் வட்டு வளைந்து கொடுத்துச் சமாளிக்கிறது. பீட்டிலில் மட்டும் இருக்கும் ஏற்பாடு அல்ல இது. அமெரிக்கக் கார்களில் இதே வேலையைச் செய்யும் பாகத்தை ராக் ஜாயின்ட் என்பார்கள். ராக் என்றால் கந்தல் துணி. ரப்பருக்குள் துணி இருப்பதால் வந்த பெயர். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் ராக் ஜாயின்ட்டில், வட்டு கிழிந்தாலும் ஸ்டீயரிங் அடியோடு கைவிட்டுப் போகாதபடி ஃபிளாஞ்சின் ஓட்டைக்குள் முட்டி நிற்கும் இரண்டு இரும்பு முளைகளும் உண்டு. நம் வண்டியில் அப்படி ஏதாவது காப்பாற்றும் என்று நம்பி ஓட்ட வேண்டாம். வட்டில் விரிசல் தெரிந்தால் அதோடு வண்டி நிற்கட்டும்.

ஹாரனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பீட்டிலில் இக்னிஷன் ஆனில் இருக்கும்வரை ஹாரனுக்குக் கரண்ட் வந்து நிற்கும். பட்டனை அழுத்தும்போது எர்த் கிடைக்கிறது, ஹாரன் அடிக்கிறது. அந்த எர்த் ஸ்டீயரிங் ராடு வழியாகக் கீழே இறங்கி, பாக்ஸைத் தொட்டு, ஆக்சில் வழியாகப் பாடிக்குப் போக வேண்டும். நடுவே ரப்பர் வட்டு குறுக்கே நிற்கிறது. ரப்பரில் கரண்ட் பாயாது. அதனால் வட்டின் ஒரு பக்கத்து போல்ட்டிலிருந்து மறுபக்கத்து போல்ட்டுக்கு ஒரு சின்ன வயர் பாலம் போட்டிருப்பார்கள். ஜெர்மன் வண்டிகளில் எர்த் வயருக்குப் பழுப்பு நிறம் என்பதால் அது பெரும்பாலும் பழுப்பாக இருக்கும்.

வட்டு நல்ல நிலையில் இருக்கும்போது இரண்டு ஃபிளாஞ்சும் சேர்ந்தே சுற்றும். வயருக்கு இழுப்பு கிடையாது. ரப்பர் தளர்ந்ததும் ஒரு ஃபிளாஞ்சு முன்னே போக மற்றது பின்தங்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த வயர் இழுபடும், மடங்கும், கடைசியில் அறுந்துபோகும். ரப்பர் கிழிவதற்கு முன்பே வயர் அறுவது உண்டு. எனவே ஹாரன் நிற்பதைக் கப்ளிங் கொடுக்கும் முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பும்போது மட்டும் ஹாரன் அடிக்கிறது என்றால், அறுந்த முனைகள் அந்த நிலையில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன என்று அர்த்தம்.

சோதிப்பது சுலபம். இக்னிஷனை ஆன் செய்துவிட்டு, ஒரு துண்டு வயரின் ஒரு முனையை ராடு பக்கத்து ஃபிளாஞ்சின் போல்ட்டிலும் மறு முனையைப் பாடியின் சுத்தமான இரும்பிலும் வையுங்கள். இன்னொருவர் பட்டனை அழுத்தட்டும். ஹாரன் அடித்தால் குற்றம் ஹாரனில் இல்லை, இந்தப் பாலத்தில்தான் இருக்கிறது. ஆனால் வயரை மட்டும் மாற்றி வண்டியை வெளியே அனுப்பாதீர்கள். வயர் ஏன் அறுந்தது என்ற கேள்விக்கு வட்டைப் பார்த்த பிறகுதான் பதில் கிடைக்கும்.

அடுத்தது ஆட்டம். ஸ்டீயரிங் வீலில் ஆட்டம் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் எதையும் இறுக்கக்கூடாது. நான் பார்த்த எத்தனையோ வண்டிகளில் கப்ளிங்கின் ஆட்டத்துக்காக ஸ்டீயரிங் பாக்ஸின் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்குரூவை இறுக்கி, நல்ல பாக்ஸைத் தேய்த்து வீணாக்கியிருக்கிறார்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்க, எஞ்சின் ஓடாமல் இருக்க, ஒருவர் வீலை இரண்டு விரலால் இடமும் வலமும் மெதுவாக ஆட்டட்டும். வேகமாக ஆட்டினால் எதுவும் தெரியாது. நீங்கள் கீழே டார்ச்சோடு இருங்கள். ராடு பக்கத்து ஃபிளாஞ்சு அசைந்தும் பாக்ஸ் பக்கத்து ஃபிளாஞ்சு அசையவில்லை என்றால் கப்ளிங். இரண்டும் சேர்ந்து அசைந்து, பாக்ஸிலிருந்து கீழே வரும் டிராப் ஆர்ம் அசையவில்லை என்றால் பாக்ஸ். டிராப் ஆர்மும் அசைந்து சக்கரம் அசையவில்லை என்றால் டை ராடு முனைகள். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரலுக்குத் தெரியும்; ஒரு விரலை இரண்டு ஃபிளாஞ்சுக்கும் நடுவே ரப்பரின் மேல் வைத்துப் பாருங்கள். நல்ல வட்டில் பாறை போல இருக்கும். கெட்டதில் ரப்பர் பிதுங்குவதும் உள்வாங்குவதும் விரலில் படும்.

எவ்வளவு ஆட்டம் வரை பொறுக்கலாம்? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 98-ஆம் விதி ஸ்டீயரிங் வீலில் 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் இருக்கக்கூடாது என்கிறது. பீட்டில் வீலின் விட்டம் சுமார் 40 செ.மீ. 30 டிகிரி என்றால் வீலின் விளிம்பில் பத்து செ.மீ.க்கும் மேல். அரைச் சாண் தூரம் வீல் வெறுமனே சுற்றுகிறது என்று கணக்கு. அது சட்டத்தின் கடைசி எல்லை, நம் இலக்கு அல்ல. ஒழுங்காகப் பராமரித்த பீட்டிலில் ஒரு விரல் அகல ஆட்டம்தான் இருக்கும். அதைத் தாண்டினால் காரணத்தைத் தேடுங்கள்.

வட்டு ஏன் கெடுகிறது? வயது ஒரு காரணம். நின்றே இருக்கும் வண்டியிலும் ரப்பர் இறுகி வெடிக்கும். எண்ணெய் அதைவிடப் பெரிய காரணம். ஸ்டீயரிங் பாக்ஸின் சீல் கசிந்தால் எண்ணெய் ஷாஃப்ட் வழியாக நேரே கப்ளிங்குக்கு வந்து சேரும். பீட்டிலில் பெட்ரோல் டேங்க் முன்பக்கம், இந்த இடத்துக்கு மேலேயே இருக்கிறது. டேங்கின் அடியில் ஒரு சொட்டு கசிவு இருந்தாலும் அது விழும் இடம் இதுதான். எண்ணெயில் ஊறிய ரப்பர் முதலில் பளபளக்கும், பிறகு உப்பி மெத்தென்று ஆகும். அப்படி இருந்தால் வட்டை மாற்றுவதற்கு முன் கசிவை அடைக்க வேண்டும். இல்லையென்றால் புது வட்டும் அதே கதிதான். வெள்ளத் தண்ணீரில் நின்ற வண்டிகளில் இன்னொரு கேடு: ஓட்டைகளுக்குள் இருக்கும் இரும்புக் குழல்கள் துருப்பிடித்து ரப்பரிலிருந்து விடுபட்டுவிடும். மேலே பார்த்தால் புதிது போல இருக்கும், உள்ளே பிடிமானம் இருக்காது. அகலமான டயர் போட்டு, வண்டி நிற்கும்போதே வீலை ஒடித்து ஒடித்துத் திருப்பும் பழக்கமும் வட்டைச் சீக்கிரம் கொல்லும். சக்கரம் ஒரு சுற்றாவது உருளும்போது திருப்புங்கள். விசை எவ்வளவு குறைகிறது என்று கையே சொல்லும்.

இனி வாங்குவது. இங்கேதான் மனம் உறுதியாக இருக்க வேண்டும். புது வட்டு உடனே கிடைக்காது. வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வர வேண்டும். அதற்குள் யாராவது, "கன்வேயர் பெல்ட்ல வெட்டிக் குடுக்கறேன் சார், வாழ்நாளுக்கும் வரும்" என்பார்கள். வேண்டாம். கன்வேயர் பெல்ட் நீளவாக்கில் இழுக்கப்படுவதற்காகச் செய்தது. அதன் துணி இழைகள் அந்தத் திசைக்கேற்பப் போடப்பட்டவை. கப்ளிங்கில் விசை ஓட்டைக்கு ஓட்டை, திசை மாறி மாறி வருகிறது. அதோடு, கையால் துளைத்த ஓட்டையில் இரும்புக் குழல் இருக்காது; போல்ட்டின் மரை நேரடியாக ரப்பரை அறுக்கும். சைக்கிளுக்குச் செய்யலாம், தண்ணீர் மோட்டாருக்குச் செய்யலாம். ஸ்டீயரிங்குக்குச் செய்யக்கூடாது.

பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் வகையில் சிவப்பு நிறத்திலும் வேறு நிறங்களிலும் வட்டுகள் வருகின்றன. எண்ணெய்க்கு அவை சுலபத்தில் இளகாது, திருப்பும்போது உடனே பதில் சொல்லும். ஆனால் ரப்பரைவிடக் கடினமானவை. சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் கைக்கு வரும். நம் சாலைகளில் ஒரு மணி நேரம் ஓட்டினால் விரல் மரத்துப்போவது எனக்குப் பிடிக்கவில்லை. துணி அடுக்கு உள்ள ரப்பர் வட்டையே நான் போடுகிறேன். உங்கள் விருப்பம் வேறாக இருக்கலாம், அதில் ஆபத்து ஒன்றும் இல்லை.

பெட்டியில் 'புதிது' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். முப்பது வருடம் அலமாரியில் இருந்த ரப்பரும் கடைக்காரருக்குப் புதிதுதான். வட்டைக் கையில் எடுத்து லேசாக வளைத்து, ஓட்டையைச் சுற்றி வெளிச்சத்தில் பாருங்கள். தலைமுடி அளவுக் கீறல் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஓரத்தில் துணி அடுக்குகள் தெரிய வேண்டும். பழைய போல்ட்டை ஓட்டையில் விட்டுப் பாருங்கள்; கையால் தள்ளினால் இறுக்கமாகப் போக வேண்டும், தொளதொளவென்று விழக்கூடாது. கூடவே வட்டுக்கு வேண்டிய போல்ட், நட்டு, லாக் பிளேட் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிவிடுங்கள். போல்ட்டின் தலையில் 8.8 என்றோ அதற்கு மேலான எண்ணோ பொறித்திருக்க வேண்டும். எண் இல்லாத போல்ட் கதவுக்குப் போடலாம், இங்கே ஆகாது. நீளத்தையும் பாருங்கள்: வட்டுக்குள் நிற்கும் பகுதியில் மரை இல்லாத வழவழப்பான உடல் இருக்க வேண்டும்.

உங்கள் வண்டி எந்த ஆண்டு என்பது முக்கியம். 1967 ஆகஸ்ட்டுக்குப் பிறகு வந்த பீட்டில்களில், விபத்தில் ஓட்டுநரின் நெஞ்சில் குத்தாமல் மடங்கிக்கொள்ளும் ஸ்டீயரிங் ராடு வந்துவிட்டது. அந்த ராடைச் சுத்தியலால் தட்டவோ நெம்பவோ கூடாது. மடங்க வேண்டிய இடம் பட்டறையிலேயே மடங்கிவிட்டால் விபத்தின்போது அது மடங்காது. பிற்பாடு வந்த 1303 மாடல்களில் சிலவற்றில் ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங். அவற்றின் அமைப்பே வேறு, இந்த அத்தியாயம் அவற்றுக்குப் பொருந்தாது. உங்கள் ஆண்டுக்கான ஒர்க்‌ஷாப் மேனுவலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற எண்ணை அதிலிருந்தே எடுங்கள், என்னிடமோ பக்கத்து மெக்கானிக்கிடமோ கேட்டு வேலை செய்ய வேண்டாம்.

வேலைக்குப் போவோம். வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்தி, சக்கரங்கள் நேரே பார்க்க, வீலின் கம்பிகள் எப்படி நிற்கின்றன என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றுங்கள்; பீட்டிலில் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, பின் சக்கரங்களுக்கு மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டக் கூடாது. ஸ்டீயரிங் இருக்கும் பக்கத்து முன் சக்கரத்தைக் கழற்றினால் கை போகும் இடம் கிடைக்கும்.

கையால் எட்டும் வண்டிகளில் இவ்வளவு போதும். எட்டாவிட்டால் டேங்கை இறக்க வேண்டும். முன் பானட்டைத் திறந்து, ஸ்டெப்னியை எடுத்து, டேங்கைப் பிடித்திருக்கும் நான்கு கிளாம்புகளைக் கழற்றினால் டேங்க் மேலே வந்துவிடும். பெட்ரோலை முன்பே வடித்துவிடுங்கள். இந்த வேலையை வீட்டு ஷெட்டுக்குள் செய்யாமல் வெளியே, நிழலில், காற்றோட்டமாகச் செய்யுங்கள். சித்திரை வெயிலில் பெட்ரோல் ஆவி தரையோடு தரையாகப் பரவும், பக்கத்து வீட்டு அடுப்பு வரை போகும். டேங்கை இறக்கியதும் அதன் அடியிலுள்ள ரப்பர் ஹோஸையும் மாற்றிவிடுங்கள். இன்னொரு முறை இறக்க மனம் வராது.

கப்ளிங் இப்போது கண்முன் இருக்கிறது. வயர் பிரஷ்ஷால் மண்ணையும் துருவையும் தட்டி, போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டுவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். திரும்பி வந்ததும் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் அடையாளம் போட வேண்டும். வெள்ளைப் பெயிண்ட்டால் ராடின் ஃபிளாஞ்சு, வட்டு, பாக்ஸின் ஃபிளாஞ்சு, பாக்ஸ் ஷாஃப்ட் நான்கின் மேலும் ஒரே நேர்கோடாக ஒரு கோடு இழுங்கள். சாக்பீஸ் கோடு எண்ணெயில் அழியும், அது வேண்டாம். இந்த ஒரு கோடு இல்லாமல் கழற்றிவிட்டு, மாட்டிய பிறகு வீல் கோணலாக நிற்க, வீலைக் கழற்றி நேராக்கியவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஸ்டீயரிங் பாக்ஸ் அதன் மையத்தை விட்டு விலகி நிற்கும். மையத்தில்தான் பாக்ஸின் பற்கள் ஆட்டமில்லாமல் நெருங்கிச் சேருகின்றன. விலகினால் நேராகப் போகும்போது ஆட்டம், ஒரு பக்கம் திருப்பும்போது பிடிப்பு என்று ஆகும்.

லாக் பிளேட்டின் காதுகளை உளியால் நெம்பி நிமிர்த்துங்கள். காட்டர் பின் இருந்தால் உருவுங்கள். 13-ஆம் நம்பர் ஸ்பேனர் இரண்டு வேண்டும், ஒன்று தலையைப் பிடிக்க, ஒன்று நட்டைக் கழற்ற. நான்கும் ஒரே நேரத்தில் கைக்கு எட்டாது. வீலை மெதுவாகத் திருப்பி ஒவ்வொன்றாக எட்டும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஹாரன் வயர் எந்த போல்ட்டில் எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாக்ஸ் ஷாஃப்டில் ஃபிளாஞ்சை இறுக்கிப் பிடித்திருக்கும் குறுக்கு போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுதாக உருவி எடுங்கள். பிறகு ஃபிளாஞ்சைச் சற்று நகர்த்தினால் வட்டு வெளியே வர இடம் கிடைக்கும். நகரவில்லை என்றால் சுத்தியல் எடுக்காதீர்கள். ஃபிளாஞ்சின் பிளவில் ஒரு தட்டை ஸ்குரூ டிரைவரைச் செருகி லேசாக விரித்து, இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். பாக்ஸ் ஷாஃப்டில் விழும் ஒவ்வொரு அடியும் உள்ளே இருக்கும் பேரிங்கில்தான் விழுகிறது.

வட்டு வெளியே வந்ததும் புதியதை உடனே மாட்டும் ஆசை வரும். ஐந்து நிமிடம் பொறுங்கள். ஃபிளாஞ்சுகளின் ஓட்டைகள் வட்டமாக இருக்கின்றனவா, நீண்டு முட்டை வடிவமாகிவிட்டனவா என்று பாருங்கள். நீண்டிருந்தால் புது வட்டிலும் ஆட்டம் போகாது. ஃபிளாஞ்சையே மாற்ற வேண்டும். வெல்டிங் வைத்து நிரப்பித் துளைப்பதை நான் ஏற்கமாட்டேன், அந்த இரும்பு சூட்டில் எப்படி மாறும் என்று பட்டறையில் யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஷாஃப்டின் பற்களை விரலால் தடவுங்கள். பாக்ஸின் சீலைப் பாருங்கள். பாக்ஸை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப்பைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கப்ளிங் கழன்றிருக்கும் இந்த நேரத்தில் பாக்ஸ் ஷாஃப்டை விரலால் திருப்பினால், பாக்ஸின் நிலை என்ன என்று வேறு எப்போதும் தெரியாத அளவுக்குத் தெளிவாகத் தெரியும். கரகரப்போ கட்டிக்கட்டியான பிடிப்போ இல்லாமல் வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும்.

மாட்டும்போது முதலில் நான்கு போல்ட்டுகளையும் கையாலேயே நுழைத்து நட்டுகளை விரலால் திருகுங்கள். ஓட்டைகள் சேரவில்லை என்று ஒரு போல்ட்டை அடித்து ஏற்றினால் வட்டு பிறக்கும்போதே முறுக்கோடு பிறக்கும். போட்ட வெள்ளைக் கோடு சேர்ந்திருக்கிறதா பாருங்கள். குறுக்கு போல்ட்டும் கையால் சுலபமாக நுழைய வேண்டும். முரண்டு பிடித்தால் ஃபிளாஞ்சு ஷாஃப்டில் சரியான ஆழத்தில் உட்காரவில்லை.

பக்கவாட்டில் கண்ணைத் தாழ்த்தி வட்டைப் பாருங்கள். தட்டையாக நிற்க வேண்டும். அப்பளம் பொரியும்போது ஓரம் தூக்குவது போல வளைந்திருந்தால் ராடு அதிகமாகக் கீழே தள்ளியிருக்கிறது, அல்லது மேலே இழுத்திருக்கிறது, அல்லது பாக்ஸ் கிளாம்ப் திரும்பியிருக்கிறது. வீலை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை முழுதாகத் திருப்பச் சொல்லி, வட்டையே பார்த்துக்கொண்டிருங்கள். சுற்றும்போது வட்டு தலையாட்டினால் ராடும் பாக்ஸ் ஷாஃப்டும் ஒரே கோட்டில் இல்லை. அப்படியே விட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் ரப்பர் பிசையப்படும், மறுவருடமே திரும்ப மாற்ற வேண்டி வரும். 1967-க்குப் பிந்தைய வண்டிகளில் ஸ்டீயரிங் வீலின் நடுப்பகுதிக்கும் இண்டிகேட்டர் சுவிட்சுக்கும் இடையே 2 முதல் 4 மி.மீ. இடைவெளி விட வேண்டும். ராடு சரியான உயரத்தில் இருக்கிறதா என்று அதிலும் தெரிந்துகொள்ளலாம்.

எல்லாம் சரி என்று கண்டபின் டார்க் ரெஞ்சால் மேனுவல் சொல்லும் அளவுக்கு, எதிரெதிர் போல்ட்டாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். 'இன்னும் கொஞ்சம்' என்று கூடுதலாக ஒரு இழுப்பு இழுப்பது இங்கே நன்மையல்ல. ரப்பர் பிதுங்கினால் அதற்குள் இருக்கும் துணி அறுபடத் தொடங்கும். லாக் பிளேட்டின் காதுகளை நட்டின் தட்டையான பக்கத்தில் ஒட்டி மடக்குங்கள். நைலான் பூட்டு நட்டு போட்டால் அது ஒருமுறைக்குத்தான், கழற்றினால் புதிது.

ஹாரன் வயருக்கு வருவோம். புது வட்டோடு வந்த வயர் இருந்தால் அதையே போடுங்கள். இல்லையென்றால் பல இழை கொண்ட நெளியும் வயரில், இரு முனையிலும் வளையம் வைத்து நசுக்கி, கொஞ்சம் தளர்வாக வளைத்து மாட்டுங்கள். ஒற்றைக் கம்பி வயர் சீக்கிரம் ஒடியும். வளையம் உட்காரும் இடத்தில் பெயிண்ட்டையும் துருவையும் தேய்த்துவிடுங்கள். வயர் எதிலும் உரசாமல் முழுச் சுற்றும் சுற்றுகிறதா என்று இன்னொரு முறை வீலைத் திருப்பிப் பாருங்கள்.

சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, டேங்கை இறக்கியிருந்தால் கசிவு பார்த்து, கடைசியாகப் பேட்டரியை இணையுங்கள். ஹாரனை அழுத்துங்கள். வீலை இடது ஓரத்திலும் நடுவிலும் வலது ஓரத்திலும் வைத்து அழுத்துங்கள். மூன்று இடத்திலும் ஒரே குரலில் அடிக்க வேண்டும். முதல் ஓட்டம் காலியான தெருவில், இருபது கிலோமீட்டர் வேகத்தில். திருப்பிய பின் வீல் தானாக நேருக்கு வருகிறதா, எங்காவது இறுக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். திரும்பி வந்து மறுபடி அடியில் படுத்து நான்கு நட்டையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குடும்பத்தை ஏற்ற வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பின் இன்னொரு முறை பாருங்கள். புது ரப்பர் கொஞ்சம் அமுங்கும். அதன் பிறகு ஒவ்வொரு முறை கிரீஸ் அடிக்கும்போதும் டார்ச்சை அங்கே ஒருமுறை திருப்பினால் போதும். மாற்றிய தேதியைப் பானட்டின் உள்பக்கம் பெயிண்ட்டால் எழுதி வையுங்கள், உங்களுக்குப் பின் வண்டியை வைத்திருப்பவருக்கு உதவும்.

கழற்றிய பழைய வட்டை 'இருக்கட்டும்' என்று டூல் பாக்ஸில் போடாதீர்கள். கூரான கத்தியால் ஒரு போல்ட் ஓட்டையின் குறுக்காக அதை இரண்டாக வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் துணி இழைகள் எந்த இடம் வரை வெளுத்து உதிர்ந்திருக்கின்றன, எந்த இடத்தில் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று தெரியும். எண்ணெய் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதும் தெரியும். இரண்டு துண்டாகிவிட்டால் நாளைக்கு அவசரத்தில் யாரும் அதை எடுத்து இன்னொரு வண்டியில் மாட்டவும் முடியாது.